இணையமின்றி மாங்கா

கேள்வி: இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் படிப்பதற்கு மாங்காவை எங்கே வாங்கலாம்?

பதில்: மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை மின்வடிவில் தரும் கடைகள் பெரும்பாலும் கோப்பை அன்று, படிக்கும் உரிமத்தையே விற்கின்றன. ஜப்பானியப் பதிப்பகங்கள் கூடி 2011இல் தொடங்கிய ஜேமாங்கா தளம் 2013இல் மூடப்பட்டபோது, காசு கொடுத்தவர்களும் தம் நூல்களை இழந்தது இதனால்தான். கடோகாவா குழுமத்தின் புக்வாக்கர், அமேசானின் கிண்டில் ஆகிய செயலிகளில் வாங்கிய தொகுதியைக் கருவியில் இறக்கிப் படிக்கலாமாயினும், நகலெடுக்க முடியாதபடி பூட்டிய அக்கோப்பு பொதுவாக அந்தந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். பக்கப் படங்களை வரிசையாக அடுக்கிச் சுருக்கிய சிபிஇசட் கோப்பு பூட்டின்றி, முறையான வழியில் கிடைக்குமாயின் அதுவே மேலானது. முறையான வழிக்கு எடுத்துக்காட்டாக, ஓவியர் சாட்டோ ஷூஹோ தம் மருத்துவமனைக் கதையான ‘ஸே ஹலோ டு பிளாக் ஜாக்’கை எவரும் தடையின்றிப் பயன்படுத்த 2012இல் அனுமதித்தார். திருட்டுத் தளங்களை நாடுவோரும் முதலில் இதைப் படித்துப் பார்க்கலாம்.