கெடுதல் ஒன்றும் இல்லையே என்று குடிப்பவர்களுக்கு

"நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது." வாட்ஸ்அப்பில் வரும் கஷாயக் குறிப்புக்கும், மருந்துக்கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் சத்து மாத்திரைக்கும் வீட்டில் சொல்லப்படும் சமாதானம் இதுதான். பலன் உண்டா என்று வாதாடுபவர்கள்கூட இந்த இடத்தில் ஒத்துப்போய்விடுவார்கள். சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: மரத்தில் காய்த்தது, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது.

உண்மை: கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லப்படும் பிலிம்பிக்காய் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற பேச்சு பரவியிருந்தது. மீன்குழம்பில் இரண்டு காய் போட்டால் வம்பில்லை. அதைச் சாறு பிழிந்து குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் பதிவுசெய்தார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பூச்சிமருந்து, கலப்படம் என்று பழிபோட வழியில்லை. காயிலேயே இருக்கும் ஆக்ஸாலிக் அமிலம், சாறாக மொத்தமாக உள்ளே போகும்போது, உடம்பிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்துவிடுகிறது.

மஞ்சளும் அப்படித்தான். ரசத்தில் போடும் சிட்டிகை வேறு. மிளகுச் சத்தைச் சேர்த்து, உடம்பில் பல மடங்கு ஏறும்படி தயாரித்த குர்குமின் மாத்திரை வேறு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் உள்ளன. 'வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்' என்று தொடங்கும் எந்தக் குறிப்பையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். சமையலில் அளவறிந்து புழங்கிய பொருளை அது மருந்தளவுக்கு ஏற்றிவிடுகிறது. மருந்துக்குச் செய்யும் சோதனையோ அதற்கு நடந்திருக்காது.

நம்பிக்கை: வைட்டமின் சத்துதானே, கொஞ்சம் கூடினால் நல்லதுதான்.

உண்மை: காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குப் பீட்டா கரோட்டினும் சிலருக்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதேபோன்ற சோதனையையும் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம்.

கேரட் விரும்பிச் சாப்பிடுபவர் பெரும்பாலும் புகை பிடிக்காதவர், நடப்பவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர். கேரட்டின் ஒரு சத்தை மட்டும் பிரித்துப் புட்டியில் அடைத்தால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடாது. 'இதைச் சாப்பிடுபவர்களுக்கு அது வருவதில்லை' என்ற செய்தியைப் பார்த்தால், கொடுத்துச் சோதித்தார்களா, கணக்கு மட்டும் எடுத்தார்களா என்று பாருங்கள்.

நம் ஊரில் அதிகம் தவறுவது வைட்டமின் டி. வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் மருந்தைத் தினம் ஒன்றாகப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் தேவை 600 யூனிட்தான். ஒரு மாத்திரையில் இருப்பது நூறு நாள் கணக்கு. இது சிறுநீரில் வெளியேறாமல் கொழுப்பில் தங்கும். இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம்வரை போகும்.

நம்பிக்கை: வைட்டமின் சி போட்டால் சளி பிடிக்காது.

உண்மை: 1970இல் இதைப் புத்தகமாகவே எழுதிப் பரப்பியவர் லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு பெற்றவர். பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தினமும் சாப்பிடும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது, அவ்வளவுதான். மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு போட்டால் அதற்கும் உறுதியில்லை. நோபல் பரிசு வாங்கியவர் சொன்னாலும் சோதனை சோதனைதான்.

நம்பிக்கை: நானே குடித்தேன், குணமானது.

உண்மை: டெங்குவில் தட்டணுக்கள் இறங்கி, பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் தாமாகவே ஏறிவிடும். இடையில் பப்பாளி இலைச்சாறு குடித்தவருக்கு எண்ணிக்கை ஏறினால் பேர் சாற்றுக்குப் போகிறது. குடிக்காத பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஏறியதை யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ச்சல் விட்டதும் வரும் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி போன்றவைதான் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

சத்து மாத்திரையே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து, பாலும் சேர்க்காத முழுச் சைவருக்கு பி12 ஆகியவை சோதனையில் தேறியவை. யாருக்கு, எவ்வளவு என்ற கணக்கோடு கொடுக்கப்படுபவை.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அதிக அளவில் உடம்பில் இருந்தால் சில இரத்தப் பரிசோதனைகள் தப்பான முடிவைக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. எனவே "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடாதீர்கள். கஷாயம், லேகியம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயர் மறந்துபோகும் என்றால் டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.