விண்ணப்பம் எழுதுதல்: இடர்வேளையில் தேர்வு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே இராமுதேவன்பட்டிப் பட்டாசு ஆலையில் 2024 பிப்ரவரி 17 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 10 பேர் உயிரிழந்தனர். அடுத்த 13 நாள்களில், மார்ச் 1 அன்று, மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வு தொடங்கியது. இத்தகைய துயரம் தேர்வு எழுதும் மாணவரின் இல்லத்தில் நேர்ந்தால் அவர் என்ன செய்யலாம்?

பொதுத்தேர்வு நாள் ஒருவருக்காக மாறாது. ஆயினும், தேர்வுக்கு வர இயலாதவர் அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதலாம். எனவே, தலைமையாசிரியருக்கு உடனே விண்ணப்பம் எழுதுக. நிகழ்ந்ததையும் நாளையும் குறிப்பிடுக. செய்முறைத் தேர்வுக்கு மாற்று நாளா, துணைத்தேர்வுக்கு வழிகாட்டுதலா என, வேண்டுவதைத் தெளிவாகக் கேட்க. துயரை விரித்துரைக்க வேண்டா. உரிய சான்றை இணைத்தல் போதும். உரியதைக் கேட்பது இரத்தல் அன்று.

பயிற்சி: இச்சூழலில் உள்ள தோழருக்கு உதவும் வகையில் விண்ணப்பம் ஒன்று வரைக.