ஆங்கிளும் சேனலும்: சுங்க எண் கண்டுபிடிப்பது எப்படி?



"மளிகைக் கடைக்காரருக்கு ஆங்கிளும் சேனலும் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் கடையில் டப்பாக்களைச் சுமந்து நிற்கும் ரேக்கைப் பாருங்கள், இரும்பு ஆங்கிள்தான். அதோடு, ஜி.எஸ்.டி. பில்லில் நாம் எழுதும் எச்.எஸ்.என். எண்ணும் சுங்கத் தீர்வை அட்டவணையின் எண்ணே. துவரம் பருப்புக்கும் இரும்புக்கும் அட்டவணை ஒன்றுதான். எனவே இரும்பை வைத்து இந்தப் பாடத்தைப் படிப்போம்.

உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த முறை 1988 முதல் நடப்பில் உள்ளது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். நான்கு இலக்கம் தலைப்பு. ஆறு இலக்கம் உபதலைப்பு. நம் நாட்டுச் சுங்கத்தில் எட்டு இலக்கம். இரும்பும் எஃகும் 72-ஆம் அத்தியாயம்; அவற்றால் செய்த பொருட்கள் 73-ஆம் அத்தியாயம்.

சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. என்ன உலோகம்? குரோமியம் 10.5 சதவீதமோ அதற்கு மேலோ, கரி 1.2 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் செய்த ஆங்கிள் 72.22. மற்ற கலப்பு எஃகு என்றால் 72.28. சாதாரண இரும்பு ஆங்கிள் 72.16.

2. குறுக்கே வெட்டினால் என்ன உருவம்? வட்டம், சதுரம் போல உட்குழிவு இல்லாத கெட்டி உருவம் என்றால் அது கம்பி. சூடாக உருட்டிச் சுருளாக வருவது 72.13, நீளமாக வருவது 72.14. வீடு கட்டும் முறுக்குக் கம்பியும் இதில் அடங்கும். உள்ளே பொள்ளல் என்றால் குழாய்; அது 73-ஆம் அத்தியாயம். எல், யு, ஐ, எச், டி எழுத்துகளைப் போன்ற உருவங்களே 72.16.

3. உயரம் என்ன? சூடாக உருட்டியவற்றுக்கு 80 மில்லிமீட்டர்தான் எல்லைக்கோடு. 75 மி.மீ. சேனல் 7216.10, 100 மி.மீ. சேனல் 7216.31. 50 மி.மீ. ஆங்கிள் 7216.21, 80 மி.மீ. ஆனால் 7216.40.

4. எப்படிச் செய்தது? தகட்டைச் சூடேற்றாமல் மடித்துச் செய்த சேனலுக்கு 7216.61. பற்றவைத்துச் சேர்த்த உருவங்கள் 73.01.

5. மேற்கொண்டு வேலை நடந்ததா? துளை போட்டதால் மட்டும் ஆங்கிளின் தலைப்பு மாறாது. கட்டுமானத்தில் பொருத்துவதற்கென்றே அளவாக வெட்டித் தயாராக்கிய உறுப்பு 73.08-க்குப் போய்விடும். கடை, கிடங்குகளில் நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய அடுக்குகளும் அங்கேதான்.

முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டு நாம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தருவித்த ஒரு சரக்குக்கு, விற்றவர் பில்லில் "ஆங்கிள்" என்று மட்டும் இருந்தது. நாமும் 72.16 என்றே அறிவித்தோம். ஆலைச் சோதனைச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று தெரிந்தது. சான்றிதழ் நம் மேஜையிலேயே இருந்தது, ஏஜெண்டுக்கு அனுப்பவில்லை. திருத்தம் முடிந்து சரக்கு வெளிவருவதற்குள் துறைமுக வாடகை நம் லாபத்தைத் தின்றுவிட்டது. குற்றம் நம்முடையதே.

2011 முதல் இறக்குமதி செய்பவரே தம் தீர்வையைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். குறைவாகக் கட்டியிருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஐந்து ஆண்டுகள் வரை. சந்தேகம் இருந்தால், சரக்கு வருவதற்கு முன்பே டில்லி அல்லது மும்பையிலுள்ள முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பித்துக் கேட்க வழியுண்டு.

உள்ளூர் வியாபாரத்தில் 72.16-க்கும் 73.08-க்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதனால் அலட்சியம் வேண்டாம். எல்லாச் சரக்கிலும் இரண்டு தலைப்புகளுக்கு ஒரே வரி அமையாது. பில்லில் உள்ள பெயரைப் பார்த்து எண் போடாமல், பொருளைப் பார்த்து எண் போடுவதே வியாபாரிக்குப் பாதுகாப்பு.