வாயுக் கணக்கும் பதிவேடுகளின் இணக்கமும்: வட அமெரிக்காவின் அனுபவம்

பூமியினின்று வெளிச்செல்ல வேண்டிய உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்தும் வாயுக்களைப் பசுமையில்ல வாயுக்கள் என்பர். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உண்டாகும் கரியமில வாயு அவற்றுள் முதன்மையானது. நீர் தேங்கிய நெல்வயல்களினின்றும், அசை போடும் கால்நடைகளின் வயிற்றினின்றும், காற்றுப் புகாமல் மட்கும் சாணத்தினின்றும் கிளம்பும் மீத்தேனும், தழைச்சத்து உரமிட்ட நிலத்தினின்று எழும் நைட்ரஸ் ஆக்ஸைடும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. ஆகையால் இவ்வாயுக்களின் கணக்கு ஆலை முதலாளிகளுக்கு மட்டுமே உரிய விஷயமென்று குடியானவர்கள் எண்ணிவிடலாகாது. இவற்றைக் குறைத்தவருக்குப் பணம் கிடைக்கும் ஏற்பாடுகள் சில தேசங்களில் நடைமுறையில் உள்ளன. வாயு எல்லைக் கல்லை அறியாது. கணக்கோ எல்லைக்கு எல்லை வெவ்வேறு விதமாக எழுதப்படுகிறது. இவ்வேற்றுமைகளை இணக்குவதற்கு வட அமெரிக்காவில் சுமார் கால் நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சி ஆராயத்தக்கது.

பதிவேடுகள் தோன்றிய வரலாறு

அமெரிக்க மத்திய சர்க்கார் இவ்விஷயத்தில் கட்டாயச் சட்டம் செய்வதற்கு முன்னரே, கலிபோர்னியா ராஜ்யத்தில் 2001ஆம் ஆண்டில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. விருப்பமுள்ள நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து தம் வாயுக் கணக்கை அதில் பதியலாம். 2007ஆம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க ராஜ்யங்களும், கனடாவின் மாகாணங்களும், மெக்ஸிகோவின் சில பிரதேசங்களும் கூடி, "கிளைமேட் ரெஜிஸ்ட்ரி" என்னும் பொதுப் பதிவேட்டை நிறுவின. ஒரே கம்பெனி மூன்று தேசங்களிலும் ஆலை வைத்திருப்பின், அவ்வளவையும் ஒரே முறைப்படி எழுத வேண்டுமென்பது அதன் விதி.

கட்டாயக் கணக்குகளும் அக்காலத்திலேயே பிறந்தன. கனடாவின் மத்திய சர்க்கார் 2004 முதல், வருஷத்தில் 1,00,000 டன்னுக்கு மேல் வாயு விடும் ஆலைகளிடம் அறிக்கை கேட்டது. அவ்வரம்பு 2009ஆம் ஆண்டுக் கணக்கிற்கு 50,000 டன்னாகவும், 2017ஆம் ஆண்டுக் கணக்கிற்கு 10,000 டன்னாகவும் இறக்கப்பட்டது. கலிபோர்னியா 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தன் கட்டாய அறிக்கையை ஏற்படுத்திக் கொண்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2009ஆம் ஆண்டு அக்டோபரில் விதி செய்து, 2010 முதல் 25,000 டன் வரம்பில் கணக்கு வாங்கத் தலைப்பட்டது. ஆக, ஒரே புகைபோக்கிக்கு ராஜ்யத்திற்கு ஓர் அறிக்கை, மத்திய சர்க்காருக்கு ஓர் அறிக்கை, பொதுப் பதிவேட்டிற்கு ஓர் அறிக்கை என மூன்று எழுத நேர்ந்தது. மூன்றிலும் தொகை ஒன்றாயிருந்தால் குற்றமில்லை. அப்படி இருக்கவில்லை என்பதே சங்கடம்.

அளவுகளின் வேறுபாடு

மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டால் நெல் வியாபாரம் என்னவாகுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்கிலுள்ள பத்து ராஜ்யங்கள் மின்சார நிலையங்களின் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு விதித்து, 2009 ஜனவரியில் தம் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. அத்திட்டத்தின் டன் 2,000 ராத்தல் கொண்டது. கலிபோர்னியாவின் டன்னோ 1,000 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 2,205 ராத்தல். முன்னதன் 1,00,000 டன் பின்னதன் 90,718 டன்னுக்கே சமம். பெயர் ஒன்றாயிருப்பதால் இத்தவறு எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

இதைத் திருத்தப் பெருக்கல் போதும். இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மீத்தேனையும் கரியமில வாயுவையும் ஒரே தொகையாகக் கூட்ட வேண்டின், மீத்தேனின் எடையை ஓர் எண்ணால் பெருக்கியாக வேண்டும். நூறாண்டுக் காலத்தில் ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமமான உஷ்ணத்தை நிறுத்தும் என்பதே அவ்வெண். சாஸ்திர ஆராய்ச்சி வளர வளர அவ்வெண்ணும் மாறியது. அமெரிக்க மத்திய இலாகா முதலில் 21 என்று கொண்டது. 2013ஆம் ஆண்டுக் கணக்கு முதல் 25 ஆக்கிற்று. 2025 முதல் 28 என விதித்தது.

இதன் பலனை உதாரணத்தால் அறியலாம். வருஷத்திற்கு 950 டன் மீத்தேன் விடும் நிலையம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 21ஆல் பெருக்கின் 19,950. 25ஆல் பெருக்கின் 23,750. 28ஆல் பெருக்கின் 26,600. நிலையத்தில் ஒரு குழாயும் கூடவில்லை, குறையவுமில்லை. ஆயினும் கடைசி எண்ணால் மட்டும் அது 25,000 டன் வரம்பைத் தாண்டி அறிக்கை தரக் கடமைப்பட்டதாகிறது. ஒரு ராஜ்யம் பழைய எண்ணையும் மற்றொன்று புதிய எண்ணையும் கைக்கொண்டால், இரண்டின் மொத்தங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. ஆகவே வாயு ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியே பதிந்து வைத்துப் பெருக்கலைப் பின்னர்ச் செய்வதே சரியான முறை. எண் மாறினாலும் பழைய ஏட்டைக் கொண்டே புதிய தொகையைக் காணலாம்.

தணிக்கையிலும் ஒருமை இல்லை. கலிபோர்னியாவில் அங்கீகாரம் பெற்ற வெளித்தணிக்கையாளர் ஆலைக்குச் சென்று கணக்கைச் சோதிக்க வேண்டும். மத்திய இலாகாவோ நிறுவனத்தின் உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு, யந்திரக் கணக்கினால் பிழைகளைத் தேடுகிறது. முன்னதற்குச் செலவு மிகுதி. ஆனால் பணமாக மாறும் கணக்கிற்கு அதுவே தக்கது.

இணக்கம் கண்ட இடங்கள்

மின் நிலையங்களின் விஷயத்தில் இணக்கம் எளிதாயிற்று. அமிலமழையைத் தடுக்க 1990இல் இயற்றிய சட்டப்படி, பெரிய மின் நிலையங்கள் தம் வாயுவை இடைவிடாது அளந்து மத்திய இலாகாவுக்கு அனுப்பி வந்தன. வடகிழக்கு ராஜ்யங்கள் புதிய அளவு எதையும் கேளாமல், அதே தொகையைத் தம் ஏட்டுக்கு எடுத்துக் கொண்டன. ஒரு முறை அளந்து இரு முறை பயன்படுத்துவதே சிக்கனம். பிற இனங்களில் இவ்வளவு நேர்த்தி கிட்டவில்லை.

எல்லை தாண்டும் மின்சாரம் வேறொரு கேள்வியை எழுப்பியது. அண்டை ராஜ்யத்தில் நிலக்கரி எரித்து உண்டாக்கிய மின்சாரம் கலிபோர்னியாவில் செலவாகுமானால், அப்புகை யார் கணக்கில் ஏறும்? கலிபோர்னியா, மின்சாரத்தைத் தன் எல்லைக்குள் கொண்டுவருபவரையே பொறுப்பாளியாக்கியது. ஆனால் அண்டை ராஜ்யமும் தன் நிலையத்தின் புகையைத் தன் கணக்கிலேயே எழுதும். இரண்டையும் யோசனையின்றிக் கூட்டினால் ஒரே புகை இரட்டிப்பாகும். அதனாலேயே நேர் வாயுவும் மின்சாரத்தின் வழி வரும் வாயுவும் தனித்தனிக் கலங்களில் எழுதப்படுகின்றன.

கலிபோர்னியாவும் கனடாவின் கியூபெக் மாகாணமும் 2014 ஜனவரி முதல் தம் திட்டங்களைப் பிணைத்து, அவ்வருஷம் நவம்பரில் முதல் கூட்டு ஏலத்தை நடத்தின. அனுமதிச் சீட்டு ஒவ்வொன்றும் பொதுவான ஒரே பதிவேட்டில் தொடர் எண்ணுடன் ஏறுவதால், ஒரு சீட்டை இரு இடங்களில் செலவழிக்க இயலாது. இவ்வேட்டின் வலிமை 2018இல் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் சேர்ந்த ஒன்டேரியோ மாகாணம், ஆட்சி மாறியதும் ஜூலையில் விலகிற்று. மற்ற இருவரும் ஜூன் மாதத்திலேயே ஒன்டேரியோ கணக்குகளிலிருந்து சீட்டு மாற்றுவதை நிறுத்தி வைத்தனர். பொது ஏடு இல்லாதிருப்பின் எச்சீட்டு எங்கே சென்றதென்று தேடுவதே பெரும்பாடாகியிருக்கும்.

கால்நடைப் பண்ணைகளின் நிலை

சாணக் குட்டையை மூடி, அதிலெழும் மீத்தேனைப் பிடித்து எரிக்கும் பண்ணையாளருக்கு ஈட்டுச் சீட்டு வழங்கும் முறையைக் கலிபோர்னியா 2011இல் ஏற்றது. ஆலைக்காரர் அச்சீட்டை விலைக்கு வாங்கித் தம் கணக்கில் கழித்துக் கொள்ளலாம். பின்னர்ச் சீட்டு செல்லாதென்று கண்டால் நஷ்டம் யாருக்கு? கலிபோர்னியாவில் அது வாங்கியவரைச் சாரும். கியூபெக்கிலோ சீட்டுகளில் நூற்றுக்கு மூன்றைப் பொது நிதியாக ஒதுக்கி வைத்து ஈடுகட்டும் ஏற்பாட்டுடன் தொடங்கினர். இரு விதிகளும் பிணைப்புக்குப் பிறகும் வேறுபட்டே நின்றன. இணக்கம் என்பது எல்லாம் ஒன்றாதல் அன்றென்பதற்கு இது சான்று.

மத்திய விதியிலும் சாணத்திற்கென ஒரு பகுதி எழுதப்பட்டது. சராசரி 3,200 கறவை மாடுகளுக்குக் குறைந்த பண்ணைகள் அறிக்கை தர வேண்டியதில்லையென அதில் கண்டிருந்தது. எனினும் பணம் ஒதுக்கும் சட்டத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தடை வைத்ததால், அப்பகுதி ஏட்டிலேயே உறங்கிவிட்டது. அசை போடும் மாடுகளின் வயிற்று வாயு தொடக்கமுதலே சேர்க்கப்படவில்லை. ஆகவே தேசத்தின் மொத்தக் கணக்கில் கால்நடை வாயு மதிப்பீடாகத் தோன்றினும், பண்ணைவாரியாக அதைத் தேடினால் மத்திய ஏட்டில் அகப்படாது.

2025 செப்டம்பரில் மத்திய இலாகா, பெரும்பாலான தொழிலினங்களுக்கு அறிக்கைக் கடமையையே நீக்கிவிடலாமென்று பிரேரணை வெளியிட்டது. கலிபோர்னியா போலச் சொந்த விதியுள்ள ராஜ்யங்கள் தம் ஏட்டைத் தொடர்ந்து எழுதலாம். மத்திய அறிக்கையையே நம்பியிருந்தவை புதிதாக விதியும் தணிக்கையாளரும் தேடவேண்டும். மின் நிலையங்களின் இடைவிடா அளவு வேறு சட்டத்தில் வேரூன்றியது. பண்ணையாளரின் ஈட்டுச் சீட்டும் ராஜ்யத்தின் விதியைப் பற்றியே நிற்பது.