வண்டியின் வில்லும் வீதியின் மேடும்



2008 ஆம் ஆண்டு வன்னியில் இடம்பெயர்ந்தபோது எமது அன்னையாரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றோம். அப்பெட்டிக்கு வில் இல்லை. சில்லு குழியில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அடி நேரே அவரது முதுகெலும்பில் விழுந்தது. நெல்மூடையும் பாயும் அடுக்கி அவரை இருத்தினோம். எம்மால் இயன்றது அவ்வளவே.

மோட்டார் வாகனத்திலே சில்லுக்கும் உடலுக்கும் இடையில் விற்சுருள் நின்று அடியை வாங்குகிறது. வில் மட்டும் இருந்தால் வாகனம் ஊஞ்சலாய் ஆடிக்கொண்டேயிருக்கும். அதை அடக்குவது தணிப்பான். அதனுள் ஆடுதண்டு அசைய, எண்ணெய் சிறு துவாரங்களூடாக நெருக்குண்டு செல்கிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாகிறது. எமது மாநிலத்து என்னெபெற்றால் நகரின் பில்ஸ்ரைன் நிறுவனம் 1957 இல் வாயு அழுத்தத் தணிப்பானை மெர்செடெஸ் பென்ஸ் வாகனங்களுக்கு வழங்கத் தொடங்கியது. இன்று சில வாகனங்களில் 'கொம்போட்', 'ஸ்போட்' என்னும் பொத்தான்கள் எண்ணெய்வழியை அகட்டியும் ஒடுக்கியும் தணிப்பை மாற்றுகின்றன.

'கொம்போட்' என்றால் எங்கும் சுகம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு அன்னையார் முதுகில் சத்திரசிகிச்சை பெற்று, நண்பரொருவரின் வாகனத்தில் ஊன்ட்றொப் திரும்பினார். கருங்கல் பதித்த தெருவில் 'கொம்போட்' அவரைத் தாலாட்டியது. நெடுஞ்சாலையின் அலைபோன்ற மேடுபள்ளத்திலோ வாகனம் எழுந்தெழுந்து அமிழ்ந்தது. "தம்பி, தலை சுத்துது" என்றார். பொத்தானை மாற்றியதும் ஆட்டம் அடங்கியது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 25 மீற்றர். மேடுகள் 25 மீற்றருக்கு ஒன்றாயின் செக்கனுக்கு ஓர் உந்தல் கிடைக்கும். வாகன உடலின் இயற்கை மீடிறனும் செக்கனுக்கு 1 முதல் 1.5 வரையே. இரண்டும் நெருங்கும்போது பரிவு உண்டாகி ஆட்டம் பெருகும். அங்கே கடுந்தணிப்பு வேண்டும். அதே வேகத்தில் 5 மீற்றர் நீளக் கொங்கிறீற்றுப் பாளங்களின் இணைப்புகளைக் கடந்தால் செக்கனுக்கு 5 அடிகள். செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வே அமர்ந்திருப்போரை அதிகம் வருத்துவது. அங்கே கடுந்தணிப்பு அடியை உடலுக்குக் கடத்திவிடும், மென்மையே நன்று. விலையுயர்ந்த வாகனமும் இவ்விதிக்கு விலக்கல்ல.

மாணவர்களே, அதே பாளங்களின்மேல் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் செக்கனுக்கு எத்தனை அடிகள்? விடையை அடுத்த வகுப்புக்கு எழுதி வாருங்கள்.