பிரசவ வலியில் துணை நிற்போம்

 

என் மூத்த மகள் பிறந்த இரவு முழுவதும் நான் மருத்துவமனை வராந்தாவில் ஓதிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே தனியாக இருந்தார். "வலியைக்கூடத் தாங்கிக்கிட்டேன். பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லையேங்கிறதைத்தான் தாங்க முடியல" என்று பிறகு சொன்னார். அதே மகள் சென்ற மாதம் தாயானாள். இம்முறை அவளுடைய அம்மா உள்ளே சென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ்!

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைப் படிக்கிறோம். வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்தது. "இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா" என்று கலங்கினார்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், கனிந்த பேரீச்சம்பழமும் கிடைத்தன. வலியில் அழும் பெண்ணை "கத்தாதே, பொறுத்துக்கொள்" என்று அதட்டும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பேறுகால வழிகாட்டுதலும் துணையாள், நடமாட்டம், நீராகாரம், மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. துணைக்குச் செல்பவர் செய்ய வேண்டியவை:

1. மல்லாந்தே படுக்க வைக்காமல், மெல்ல நடக்கவோ, உட்காரவோ, ஒருக்களித்துப் படுக்கவோ உதவுங்கள்.

2. வலி வரும்போது அடி முதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். சூடு பொறுக்கும் அளவில் ஒத்தடம் கொடுங்கள்.

3. மூச்சை அடக்காமல், நிதானமாக இழுத்து நீளமாக விடச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். திக்ரும் மனதை அமைதிப்படுத்தும்.

4. செவிலியரைக் கேட்டுக்கொண்டு, அவ்வப்போது தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுங்கள்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாளர் திட்டம் 2004லேயே வந்துவிட்டது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் ஒருவர் உடன் இருக்கலாம். அம்மாவா, மாமியாரா, அக்காவா என்பதைக் கர்ப்பிணியே முடிவு செய்யட்டும். அதை முன்கூட்டியே மருத்துவமனையில் கேட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இயற்கை முறை என்றால் வீட்டுப் பிரசவம் என்று பொருளல்ல. 2018இல் திருப்பூரில் காணொலி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், இரத்தப்போக்கினால் ஒரு தாய் உயிரிழந்தார். வலியை விரைவுபடுத்த விளக்கெண்ணெயோ கஷாயமோ கொடுக்காதீர்கள். இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும் 108ஐ அழையுங்கள். மருத்துவர் வலி குறைக்கும் ஊசியோ அறுவைச் சிகிச்சையோ தேவை என்றால், அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

ஆண்களே! நாம் உள்ளே செல்ல முடியாவிட்டாலும், துணைக்கு ஆளும், வாகனமும், பணமும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நம் கடமை. பணமில்லை என்பதால் எந்தச் சகோதரியும் வீட்டில் தங்கிவிட வேண்டாம். டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

நம் தாய்மார்களின் பேறுகாலத்தை அல்லாஹ் இலகுவாக்குவானாக. ஆமீன்.