போதுமையும் இன்றியமையாமையும்

நூற்சொற்களை நுணுகி ஆராய்வார் பலர் வழக்குச்சொற்களை அவ்வாறு ஆராய்வதில்லை. தருக்கத்தில் நேரும் வழுக்களுட் பல, வழக்குச்சொல் ஒன்று தன் பழம்பொருளை உடன்கொண்டு வாதத்தினுட் புகுதலாலேயே நேர்கின்றன. 'போதும்' என்பது அத்தகையதொரு சொல். 'கன்மமே பயன் தரப் போதும். முதல்வன் வேண்டா' என்பாரை மறுக்கப் புகுவோர், அக்கூற்றினுள் 'போதும்' என்பது யாது பொருள் தந்து நிற்கின்றது என முன்னர்த் தெளிதல் வேண்டும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

பந்தியில் அமர்ந்தான் ஒருவன் 'போதும்' என்று கைமறித்தால், தன் பசிக்கு இட்ட சோறு நிறைந்தது என்பதும், இனி இடவேண்டா என்பதும் ஒருங்கே பெறப்படும். ஆங்கிலர் தம் அன்றாடப் பேச்சில் 'இனஃப்', 'சஃபிஷியன்ட்' என வழங்குஞ் சொற்களும் பெரும்பாலும் இத்தன்மையவே. ஒரு தேவை, அதனை நிரப்பும் அளவு, மிகை வேண்டாமை என்னும் மூன்றும் அவற்றுள் அடங்கும்.

தருக்கத்திலோ இம்மூன்றும் இல்லை. ஒன்று மற்றொன்றிற்குப் போதும் என்றால், முன்னது உளதாயின் பின்னது தவறாது உளதாம் என்னும் அத்துணையே கருத்து. முன்னது பின்னதற்கு வேண்டுவது என்பதன்று. பின்னதை ஆக்குவது என்பதுமன்று. 'புகை நெருப்பிற்குப் போதும்' எனத் தருக்கநூலார் கூறின் கேட்போர் நகைப்பர். நெருப்பன்றோ புகையை ஆக்குவது? ஆயினும் கூற்று மெய்யே. புகையுள்ள இடத்து நெருப்புண்டு. நெருப்புள்ள இடமெல்லாம் புகையில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பிருந்தும் புகை எழாது. ஈரவிறகு கூடியவழியே எழும். எனவே நெருப்பு புகைக்கு இன்றியமையாதது. ஆயின் தனியே போதாது. புகை நெருப்பை அறிவித்தற்குப் போதும். ஏதுவைக் காரகம், ஞாபகம் என அணிநூலார் பகுத்தது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஆக்குதற்குப் போதுமையும் அறிவித்தற்குப் போதுமையும் வேறு வேறாம்.

சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியர் ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுத்து, குளிரின்மையாற் பனியின்மை உணர்தலை அநுபலத்திக்குக் காட்டினார். பனி உளதாயின் குளிர் உளதாம். அஃதாவது பனி குளிர்க்குப் போதும். ஆகவே குளிர் பனிக்கு இன்றியமையாதது. குளிர் இல்வழிப் பனியும் இன்று. போதுமையும் இன்றியமையாமையும் ஒரே தொடர்பை இருமுனையினின்றும் நோக்கிய நோக்கங்களே என்பது இவ்வொரு காட்டானே விளங்கும். மேனாட்டுத் தருக்கம் பயின்றார் இதனைத் தம்மவர்க்கே உரியதென்று எண்ணற்க.

தமிழில் இவ்வேறுபாட்டை ஓரிடைச்சொல் காட்டிவிடும். 'மழை பெய்தால் பயிர் விளையும்' என்பது போதுமை. 'பெய்தால்தான் விளையும்' என்பது இன்றியமையாமை. ஆயினும் மக்கள் முன்னதைக் கேட்டுப் பின்னதையும் உடன்கொள்வர். ஆங்கிலத்திலும் இஃதுண்டு. 'புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருவேன்' என்றால், வெட்டாவிடில் தாரான் என்றே கேட்போர் கொள்கின்றனர். அப்பொருள் சொல்லில் இல்லை, கேட்போர் வருவித்துக்கொள்வது என 1971-ல் கைஸ், சுவிக்கி என்னும் மொழிநூலறிஞர் இருவர் எடுத்துக்காட்டினர். உலகவழக்கில் இது குற்றமன்று. இத்துணையும் உய்த்துணராதவனோடு உறவாடல் அரிது. வாதத்திலோ பெருங்குற்றமாம்.

இனிக் கன்மத்தைப் பற்றிய கூற்றிற்கு வருவாம். மீமாஞ்சகர் வேதவிதியையும் அபூர்வத்தையும் துணைக்கொண்டு நிகழ்த்தும் வாதம் வேறு. அது தனியே மறுக்கற்பாலது. அதனை அறியாமலே, 'விதைத்தவன் அறுப்பான். இடையே கடவுள் எற்றுக்கு?' என்பார் உளர். அவர் கண்டது யாது? வினையின்றிப் பயனில்லை என்பது. அவர் கொண்டது யாது? வினையுளதாயின் பிறிதொன்றும் வேண்டாமே பயனுண்டு என்பது. கண்டது இன்றியமையாமை, கொண்டது போதுமை. இடையே நின்று இணைக்கும் ஏது ஒன்றும் இல்லை.

1965-ல் ஜான் மாக்கி என்னும் தத்துவ அறிஞர், காரணம் என உலகத்தார் சுட்டுவது பெரும்பாலும் எத்தகையது என ஆராய்ந்தார். மின்கம்பிக் கோளாற்றால் வீடு தீப்பற்றிற்று என்கின்றோம். அக்கோளாறு தானே போதாது. எரிபொருள் அருகே இருத்தல் வேண்டும். வேறு வழியாலும் தீப்பற்றுமாதலின், எரிதற்கு அஃது எஞ்ஞான்றும் இன்றியமையாததுமன்று. போதியதொரு தொகுதியினுள் தனியே போதாததும் நீக்கவொண்ணாததுமாகிய உறுப்பே அஃது என்பது அவர் முடிபு. மண், திகிரி, குயவன் என நம்மவர் முதல், துணை, நிமித்தமாக வகுத்ததும் அத்தகைய தொகுதியையே. உறுப்புகளுள் அறிவுடையது இன்னது எனப் பிரித்தறிதலே சித்தாந்தத்தின் சிறப்பு.

அற்றேல், கன்மம் தனியே போதாது என நாட்டிய அளவிலே முதல்வன் உளன் என்பது பெறப்படுமோ எனின், படாது. எஞ்சிய உறுப்பு யாது என்பது வேறு ஏதுவால் நிறுவப்படல் வேண்டும். செய்த வினை செய்தபொழுதே கெடுதலும், கன்மம் சடமாதலின் இப்பயன் இவ்வுயிர்க்கு, இக்காலத்து, இவ்வுடலில் என்று தானே அறிந்து கூட்டமாட்டாமையும் அவ்வேதுக்களாம். இவற்றை விடுத்துப் போதாமை ஒன்றனையே கூறி அமைதல் நம்மவரிற் சிலர்பாலும் காணப்படும் குறை.

மறுதலையாக, முதல்வன் ஒருவனே போதும் என்றலும் பொருந்தாது. ஒருவர்க்கு இன்பமும் ஒருவர்க்குத் துன்பமுமாகப் பயன் வேறுபடுதல் அவன்பாற் கோட்டமாய் முடியும். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் உழுவார் செயலுக்கேற்பப் பயன் விளைக்கும் நிலத்தை உவமை கூறினார். நெல் விதைத்தவனுக்கு நெல்லும் வரகு விதைத்தவனுக்கு வரகும் தருதலின் நிலத்திற்குக் கோட்டமில்லை. நிலமின்றி விதைமட்டும் போதாது. விதையின்றி நிலமட்டும் போதாது. நிலம் அறிவில் பொருளாதலின் உவமை நடுவுநிலைமை ஒன்றற்கே கொள்ளத்தக்கது; அறிந்து கூட்டுதற்குக் குயவனையே நோக்குதல் வேண்டும்.

சத்திநிபாதத்திற்கு மலபரிபாகம் போதுமோ, இன்றியமையாத அளவினதோ என்பது இதனினும் நுண்ணிய வினா. அது தனியே ஆராயற்பாலது.